ஸ்கிராபிளுக்கு எந்த ஆங்கில வார்த்தைகளை முதலில் படிப்பது? பொருள் தெரியாமல் படிக்கலாமா?

மாட்டுத்தாவணி:

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் இருசக்கர வாகன உதிரி பாகக் கடை வைத்திருக்கிறேன், பத்தாவது வரை தமிழ் வழியில் படித்தவன். மகள் எட்டாம் வகுப்பு. பிறந்த நாளுக்கு அவள் மாமா ஒரு ஸ்கிராபிள் பெட்டி (எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கி ஆங்கில வார்த்தை அமைத்துப் புள்ளி எடுக்கும் ஆட்டம்) வாங்கிக் கொடுத்தார், இப்போது தினமும் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பலகையை விரித்துவிடுகிறாள், அவளோடு விளையாட வீட்டில் ஆள் நான்தான். நான் வைப்பதெல்லாம் கேட், டாக், ரோடு, மில்க் மாதிரி வார்த்தைகள். அவள் 250க்கு மேல் எடுப்பாள், நான் 120ஐத் தாண்டினாலே பெரிது.

நேற்று கியூ, ஐ என்று இரண்டே கட்டையை வைத்து 60 புள்ளிக்கு மேல் எடுத்தாள். இப்படி ஒரு வார்த்தையே கிடையாது என்று சண்டை போட்டேன், அகராதியை எடுத்துக் காட்டினாள், இருக்கிறது. அதிலிருந்து எனக்கு ஒரு வேகம் வந்துவிட்டது. ஜெயிக்க வேண்டும் என்பதைவிட, அவளுக்கு ஈடுகொடுத்து ஆடும் அளவுக்காவது நான் வர வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு மாதத்தில் அவளுக்கு அலுத்துப்போய்விடும்.

கேள்வி இரண்டு. எங்கே தொடங்குவது? அப்புறம், பொருளே தெரியாத வார்த்தைகளை மனப்பாடம் செய்வது சரியா? பள்ளியில் ஒரு ஆசிரியர் பொருள் தெரியாமல் ஒப்பித்தேன் என்பதற்காக என்னைப் பெஞ்சு மேல் நிற்க வைத்திருக்கிறார், அது இன்னும் மனதில் இருக்கிறது.

ஏழாவது_கட்டை:

அண்ணே, பத்து வருடமாகப் பெங்களூரில் கிளப்பில் ஆடுகிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன். முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கிராபிள் ஆங்கிலம் பேச்சு ஆங்கிலமும் அல்ல, ஆபீஸ் ஆங்கிலமும் அல்ல. அது தனியாக ஒரு சின்ன மொழி. அதன் அரிச்சுவடி இரண்டெழுத்து வார்த்தைகள். எந்தெந்த வார்த்தை செல்லும் என்பதற்கு இந்தியாவில் போட்டிகளில் பயன்படும் காலின்ஸ் பட்டியலில் அப்படி 127 இருக்கின்றன, அமெரிக்கப் பட்டியலில் 107. பெரிய வார்த்தைகள் தெரிந்தால்தான் ஜெயிக்கலாம் என்று புதிதாக வருபவர்கள் எல்லோரும் நினைக்கிறார்கள். அது தப்பு. இந்த 127ஐக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரிந்தவரை, அது தெரியாத ஆங்கில எம்.ஏ. படித்தவர் ஜெயிப்பது கஷ்டம்.

ஏன் என்று ஒரு உதாரணத்தில் காட்டுகிறேன், பலகையை விரித்து வைத்துக்கொண்டு படியுங்கள். பலகையில் குறுக்காக ஹோம் என்ற வார்த்தை கிடக்கிறது: எச், ஓ, எம், இ. உங்கள் கையில் எக்ஸும் ஐயும் இருக்கின்றன. ஓ-வுக்கு நேர் கீழே எக்ஸ், எம்முக்கு நேர் கீழே ஐ வையுங்கள். இப்போது மூன்று வார்த்தை உருவாகிவிட்டது. குறுக்கே எக்ஸ்-ஐ, அது ஒரு கிரேக்க எழுத்தின் பெயர். மேலிருந்து கீழாக ஓ-எக்ஸ், காளை மாடு. பக்கத்தில் எம்-ஐ, மேற்கத்திய இசையில் ஒரு சுரம். அந்த எக்ஸ் மூன்று மடங்கு எழுத்துச் சதுரத்தில் விழுந்தால் 8 புள்ளி 24 ஆகும், அது குறுக்கேயும் சேரும், நெடுக்கேயும் சேரும். 25, 25, அப்புறம் 4. மொத்தம் 54. வைத்தது இரண்டு கட்டை! உங்கள் மகள் அந்தக் கியூவில் செய்ததும் இதைத்தான்.

எக்ஸ் இன்னொரு வகையிலும் நல்ல பிள்ளை. ஐந்து உயிரெழுத்தோடும் அது சேரும்: ஏ-எக்ஸ் கோடரி, இ-எக்ஸ், எக்ஸ்-ஐ, ஓ-எக்ஸ், எக்ஸ்-யு. கடைசியது வியட்நாமில் இருந்த ஒரு சில்லறைக் காசு. எக்ஸ் வந்தால் பயப்படவே வேண்டாம்.

127ஐயும் ஒரே மூச்சில் படிக்காதீர்கள், குடும்பம் குடும்பமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வாயில் வரும் சத்தங்கள் ஒரு குடும்பம்: ஆ, ஏ, ஓ, ஹா, ஷ், ம்ம், ஹ்ம், எல்லாமே செல்லும். எழுத்துகளின் பெயர்கள் ஒன்று: எஃப், எல், எம், என், ஆர், எஸ் என்று நாம் சொல்கிறோமே, அவற்றை இ-எஃப், இ-எல் என்று எழுதினால் வார்த்தைதான், ஆர் மட்டும் ஏ-ஆர். கிரேக்க எழுத்துகள் ஒன்று: மியூ, நியூ, பை, க்ஸை. சுரங்கள் ஒன்று: டோ, ரே, மி, ஃபா, ஸோ, லா, டீ. இந்த நாலு குடும்பத்திலேயே கணிசமான பகுதி முடிந்துவிடும். தினக்காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்பக்கம் பத்துப் பத்தாக எழுதிக் கல்லாப்பெட்டி மேல் ஒட்டுங்கள், நான் அப்படித்தான் படித்தேன்.

பொருள் தெரிய வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில்: வேண்டாம். கட்டைக்குப் பொருள் தெரியாது.

திருச்சி_டீச்சர்:

தம்பி சொன்ன கடைசி வரியை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இருபத்திரண்டு வருடமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பொருள் இல்லாமல் தலையில் ஏற்றிய வார்த்தை அரிசி மூட்டையில் இருக்கும் கல் மாதிரி, எடை மட்டும் கூடும். குழந்தைகள் இந்தப் பட்டியல்களைப் படித்துவிட்டு எனக்கு ஆங்கிலம் நிறையத் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறார்கள், அப்புறம் நாலு வரி கடிதம் எழுதச் சொன்னால் திணறுகிறார்கள். அந்த அப்பா எட்டாம் வகுப்புப் பிள்ளையோடு ஆடுகிறார், அதை நினைத்துச் சொல்கிறேன்.

அதோடு, வார்த்தை எப்படிக் கட்டப்படுகிறது என்று தெரிந்தால் மனப்பாடம் பாதி குறையும். ஒரு வார்த்தை தெரிந்தால் அதன் முன்னால் ரி, அன், அவுட் போட்டுப் பார்க்கலாம். பின்னால் இங், எர், எஸ்ட் போட்டுப் பார்க்கலாம். கையில் இருக்கும் ஏழு கட்டையையும் ஒரே முறையில் இறக்கினால் 50 புள்ளி கூடுதல் என்பார்கள், அந்த ஏழெழுத்து வார்த்தைகள் பெரும்பாலும் இப்படிக் கட்டப்பட்டவைதான். ஏ, இ, ஐ, என், ஆர், எஸ், டீ என்ற ஏழு எழுத்தும் ஒன்றாக வந்தால் ரீடெய்ன்ஸ், நாஸ்டியர், ஸ்டெய்னர், ரெட்டினாஸ் என்று எத்தனை செய்யலாம் பாருங்கள். இதில் எதற்காவது தனிப்பட்டியல் வேண்டுமா? இலக்கணம் தெரிந்தால் போதும். ஏழும் ஒரு புள்ளி எழுத்துகள், 7ம் 50ம் 57.

பினாங்கு_மலர்:

டீச்சர், உங்கள் மேல் மரியாதையோடு ஒரு மாற்றுக் கருத்து. நாங்கள் இருக்கும் மலேசியாவில்தான் நைஜல் ரிச்சர்ட்ஸ் ரொம்ப காலமாக வசிக்கிறார், பிறந்தது நியூசிலாந்து. ஆங்கில ஸ்கிராபிளில் ஐந்து முறை உலகச் சாம்பியன்: 2007, 2011, 2013, 2018, 2019. ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. 2015ல் அவர் பிரெஞ்சு மொழிப் போட்டிக்குப் போய் அதன் உலகப் பட்டத்தையும் வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது. ஒன்பது வாரம் பிரெஞ்சு அகராதியைப் படித்துவிட்டுப் போனதாகச் செய்தி வந்தது. 2024ல் ஸ்பானிய மொழியிலும் அதையே செய்தார்.

தாய்லாந்துக்காரர்களையும் பாருங்கள். ஆங்கிலம் அவர்களுக்குத் தாய்மொழியும் இல்லை, அவர்களை ஆங்கிலேயர் ஆண்டதும் இல்லை. ஆனால் 2003லும் 2009லும் உலகச் சாம்பியன் பட்டம் தாய்லாந்துக்குப் போனது. ஆங்கிலத்தில் தயக்கமில்லாமல் உரையாட வராத தாய் ஆட்டக்காரர்கள் எதிரே உட்கார்ந்து நான் தோற்றிருக்கிறேன். ஆட்டம் முடிந்து என்ன வார்த்தை இது என்று கேட்டால் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள், பொருள் தெரியாது, ஆனால் அதற்கு முன்னால் எந்த எழுத்து ஒட்டும், பின்னால் எது ஒட்டும் என்று துல்லியமாகத் தெரியும்.

தமிழில் எழுத்தெண்ணிப் படித்தவர் என்று ஒருவரை உயர்வாகச் சொல்கிறோமே, இங்கே அது நிஜமாகவே எழுத்தை எண்ணிப் படிப்பதுதான். தமிழ் வழியில் படித்த அண்ணனுக்கு இதில் ஒரு வசதிகூட இருக்கிறது. ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறவர்கள் ஒலியை வைத்து யோசித்துத் தடுமாறுவார்கள். ஒலி பழக்கமில்லாதவர் எழுத்தை மட்டும் பார்ப்பார்.

திருச்சி_டீச்சர்:

நைஜல் ரிச்சர்ட்ஸ் நினைவாற்றல் கோடியில் ஒருவருக்கு வரும், அதை வைத்து எல்லோருக்கும் வழி சொல்ல முடியாது. ஆனால் தாய்லாந்து உதாரணம் என்னை யோசிக்க வைக்கிறது, அதை மறுக்க மாட்டேன். பட்டியல் படிக்கட்டும், படித்த பிறகு ஒரு நாளைக்கு மூன்று வார்த்தைக்காவது பொருள் பார்க்கட்டும் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

மாட்டுத்தாவணி:

எல்லோருக்கும் நன்றி. நாலு குடும்பத்தையும் எழுதி ஒட்டிவிட்டேன், கடைக்கு வரும் மெக்கானிக் பையன்கள் என்ன அண்ணே மந்திரமா என்று கேட்கிறார்கள். இப்போது வேறு சிக்கல். கியூ வந்தால் யு வருவதே இல்லை. ஐ நாலு, ஓ இரண்டு என்று உயிரெழுத்தாக வந்து குவிகிறது, இல்லாவிட்டால் ஒன்றுகூட வருவதில்லை. அப்புறம் இந்த வி. அதை எங்கேயுமே ஒட்ட முடியவில்லை, நான்தான் எதையோ கவனிக்காமல் விடுகிறேனா?

ஏழாவது_கட்டை:

வி விஷயத்தில் உங்கள் தப்பு எதுவும் இல்லை அண்ணே. வி இருக்கும் இரண்டெழுத்து வார்த்தை எந்தப் பட்டியலிலும் ஒன்றுகூடக் கிடையாது. சி-க்கு காலின்ஸில் சி-எச் என்று ஒன்றே ஒன்று, பழைய ஆங்கிலக் கிளைவழக்கில் நான் என்று பொருள். ஆகவே வி-யை ஒட்டுவதைவிட அடைப்பதற்குப் பயன்படுத்துங்கள். எதிராளி புகுந்து விளையாடும் இடத்தில் வி இருக்கும் வார்த்தையை வைத்தால் அதை ஒட்டினாற்போல் அவரால் எதுவும் வைக்க முடியாது. முன்னணியில் இருக்கும்போது இது பெரிய ஆயுதம்.

மற்றது எல்லாம் கட்டைகளின் கணக்கு. 100 கட்டையில் உயிர் 42, மெய் 56, எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளக்கூடிய வெற்றுக் கட்டை 2. உயிரில் இ மட்டும் 12, யு வெறும் 4. கியூ ஒன்று, யு நாலு என்றால் இரண்டும் ஒரே கையில் சேர்வது எவ்வளவு அபூர்வம்! இந்தக் கணக்கைப் போட்டவர் ஆட்டத்தை உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ், நியூயார்க்கில் கட்டடக் கலைஞர், 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலை போனவர். செய்தித்தாள்களை எடுத்துவைத்து எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று கையால் எண்ணியிருக்கிறார். எஸ் ஆங்கிலத்தில் நிறைய வரும், ஆனாலும் வேண்டுமென்றே நாலு மட்டும் வைத்தார். ஏனென்றால் எஸ் நிறைய இருந்தால் எல்லோரும் பன்மை போட்டே ஆட்டத்தை ஓட்டிவிடுவார்கள். அதனால் எஸ்ஸைப் பொன் மாதிரி வைத்திருங்கள், எட்டுப் பத்துப் புள்ளிக்காகச் செலவழிக்காதீர்கள். ஸ்கிராபிள் என்ற பெயர் பின்னால் வந்தது, 1948ல் ஜேம்ஸ் புரூனோ என்பவர் உரிமை வாங்கி வைத்த பெயர் அது.

யு இல்லாத கியூவுக்குக் கியூ-ஐ தவிர கியூ-ஏ-டீ என்ற செடி இருக்கிறது, அரேபியப் பக்கம் இலையை மெல்லுவார்கள். நமக்குக் காதில் விழுந்த வார்த்தைகளும் உண்டு: ஃபகீர், தலாக், புர்கா, நிகாப், கவ்வாலி, எல்லாவற்றிலும் கே வர வேண்டிய இடத்தில் கியூ போட்டு எழுதலாம். அரபு, உருது எழுத்துமுறையில் க வரிசைக்கு இரண்டு எழுத்து இருப்பதால் ஆங்கிலத்தில் எழுதியவர்கள் ஒன்றுக்குக் கியூ என்று பிரித்துவிட்டார்கள். இந்த ஐந்தும் உங்களுக்குப் பொருளோடு ஏற்கெனவே தெரியும், எழுத்துக்கூட்டல் மட்டும் படித்தால் போதும்.

உயிர் குவிந்தால் அடியூ, ஆடியோ இரண்டும் ஐந்தெழுத்தில் நாலு உயிரைக் கழித்துவிடும், ஐயோலி என்ற பூண்டுக் குழைசலும் அப்படியே. உயிரே இல்லாவிட்டால் ஒய் இருக்கிறதா பாருங்கள், மித், லிங்க்ஸ், ரிதம். ஒய்யும் இல்லாவிட்டால் டீ-எஸ்-கே, பி-ஆர்-ஆர் மாதிரி சத்தங்கள், அப்புறம் சி-டபிள்யூ-எம். வெல்ஷ் மொழியிலிருந்து வந்தது, மலைப்பள்ளத்தாக்கு, உச்சரிப்பு கூம். டபிள்யூதான் அங்கே உயிரெழுத்து வேலை பார்க்கிறது.

அடுத்த பாடம் கொக்கி. இருக்கும் வார்த்தையின் தலையிலோ வாலிலோ ஒரே எழுத்தை மாட்டுவது. ரெயின் என்றால் மழை, முன்னால் ஒரே எழுத்தில் பிரெயின், டிரெயின், கிரெயின், அதோடு சாக்கடைக்குச் சொல்லும் டிரெய்ன், நாலும் ஆகும். ஹோஸ்ட் முன்னால் ஜி போட்டால் கோஸ்ட். பாத் பின்னால் இ போட்டால் பேத், குளி. எதிராளி மாட்ட முடியாது என்று நம்பி வைத்த வார்த்தையில் மாட்டுவது தனி சந்தோஷம்.

குறுக்கும்_நெடுக்கும்:

இந்த இழையில் குறுக்கெழுத்து ஆள் ஒருவராவது பேச வேண்டும் என்பதால் வருகிறேன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், காலையில் காபியோடு தி இந்து ஆங்கில நாளிதழின் கிரிப்டிக் கட்டத்தை, அதாவது குறிப்புக்குள் விடையை மறைத்துவைக்கும் குறுக்கெழுத்தைத் திறக்காவிட்டால் அன்று முழுக்க ஏதோ விட்டுப்போன மாதிரி இருக்கும். ஸ்கிராபிளில் கட்டைக்குப் பொருள் தெரியாது என்றார் தம்பி. இங்கே அதற்கு நேர்மாறு, பொருள்தான் எல்லாமே, அதுவும் ஒரு வார்த்தைக்கு இரண்டு மூன்று பொருள்.

குறுக்கெழுத்து பிறந்தது அமெரிக்காவில், 1913 டிசம்பர் 21ல் நியூயார்க் வேர்ல்டு ஞாயிறு இதழில் ஆர்தர் வின் போட்ட சாய்சதுரக் கட்டம்தான் முதலாவது. கிரிப்டிக் பாணியை வளர்த்தவர்கள் ஆங்கிலேயர்கள். அதற்கென்று ஒரு குறிச்சொல் அகராதி இருக்கிறது, அதைத் தெரிந்துகொள்ளாமல் உட்கார்ந்தால் பத்து நாளிலும் ஒரு கட்டம் நிறையாது. குறிப்பில் மாலுமி என்று வந்தால் ஏ-பி அல்லது டார். பீரங்கிப்படை என்றால் ஆர்-ஏ, பொறியாளர்கள் என்றால் ஆர்-இ, இரண்டும் பிரிட்டிஷ் ராணுவப் பிரிவுகளின் சுருக்கம். வேலையாள் என்றால் எறும்போ தேனீயோ. மாடல் என்றால் டீ, ஃபோர்டு கார் நினைவாக. வாத்து என்றால் ஓ, அது நமக்குச் சொல்லியே தர வேண்டாம், டக் அவுட் ஆனவன் எடுத்தது பூஜ்யம்தானே. மெய்டன் என்றால் எம், அதுவும் ஸ்கோர் அட்டையிலிருந்து. கிரிக்கெட் தெரிந்த தமிழன் பாதி வழி போய்விட்டான்.

ஃப்ளவர் என்று பார்த்தால் பூ என்று படிப்பீர்கள். ஃப்ளோ ஆவது ஃப்ளோவர், அதாவது நதி, எழுத்துக்கூட்டல் ஒன்றுதான். நம்பர் என்றால் எண், ஆனால் மரத்துப்போன நிலைக்கு ஆங்கிலத்தில் நம், அப்படி ஆக்குவது நம்மர், மரத்துப்போகச் செய்யும் மருந்து, அதற்கும் அதே எழுத்துக்கூட்டல். மேன்ஸ்லாட்டர் என்பது கொலைக்குற்றம், அதே எழுத்துகளை வேறு இடத்தில் வெட்டினால் மேன்ஸ் லாஃப்டர், ஒரு மனிதனின் சிரிப்பு! முதன்முதலில் இதைப் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

இது நமக்குப் புதிதா? பள்ளி இலக்கணத்தில் பொதுமொழி படித்திருப்பீர்கள். பலகை என்றால் மரப்பலகை, பிரித்தால் பல கை. தாமரை என்றால் பூ, பிரித்தால் தா மரை, தாவுகிற மான். எட்டு என்றால் எண், பிரித்தால் எள் து, எள்ளைத் தின்பாயாக. அணியிலக்கணம் பிரிமொழிச் சிலேடை என்று தனிப்பெயரே வைத்திருக்கிறது. ஆங்கிலேயர்கள் காலைப் பத்திரிகையில் வைத்ததை நம் புலவர்கள் வெண்பாவில் வைத்தார்கள். சிலேடையில் காது பழகிய தமிழ் வாசகருக்கு கிரிப்டிக் கஷ்டம் என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன், அந்தச் சின்ன அகராதிதான் குறை. மாட்டுத்தாவணி ஐயா, மகள் கொஞ்சம் வளர்ந்ததும் இந்தப் பக்கமும் கூட்டிவாருங்கள்.

ஐந்து_கட்டம்:

நான் வேர்டில் என்ற, ஐந்தெழுத்து ஆங்கில வார்த்தையை ஊகித்துக் கண்டுபிடிக்கும் இணைய ஆட்டம் மட்டும் ஆடுபவள். அங்கே இந்த அபூர்வ வார்த்தைகள் அதிகம் உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஒன்றைப் படித்துவிட்டு இன்னொன்றில் ஏமாறக் கூடாதே. காலின்ஸ் பட்டியலில் சுமார் 2 லட்சத்து 80 ஆயிரம் வார்த்தை. வேர்டில் தொடங்கியபோது விடையாக வரக்கூடியவை சுமார் 2,300தான், எல்லாம் அன்றாட வார்த்தைகள், ஜோஷ் வார்டில் 2021ல் வெளியிடும்போதே அப்படித்தான் அமைத்தார். அங்கே பழக வேண்டியது எந்த எழுத்து எந்த இடத்தில் உட்காரும் என்ற பழக்கம். ஆங்கிலம் இப்போதுதான் கற்கிறவர்களுக்கு முதலில் வேர்டில், பிறகு ஸ்கிராபிள் என்பேன்.

கல்லணை_காற்று:

யாருமே சொல்லாத ஒரு பட்டியல் என்னிடம் இருக்கிறது. ஆங்கில அகராதிக்குள் போய் உட்கார்ந்திருக்கும் நம்மூர் வார்த்தைகள். பல வருடமாக ஒரு நோட்டில் சேர்க்கிறேன். இட்லி, தோசா, வடா மூன்றும் காலின்ஸில் செல்லும். கட்டுமரம் கேட்டமரான் ஆனது எல்லோருக்கும் தெரியும், ஒன்பது எழுத்து, பலகையில் வைக்க வாய்ப்பு வருவது அபூர்வம். ஆனால் சுருட்டு செரூட் ஆகியிருக்கிறது, சரியாக ஏழெழுத்து, 50 புள்ளி கூடுதல் உண்டு. கஞ்சி கான்ஜீ ஆகி ஆறெழுத்து. மிளகுத்தண்ணீர் முல்லிகடானி. குருந்தக்கல் கொரண்டம். எங்கள் ஊர்ப் பெருமை அணைக்கட்டு, அதை ஆங்கிலேயர்கள் அனிகட் ஆக்கினார்கள், ஏ, என், ஐ, சி, யு, டீ. கல்லணைக்கு இன்றும் கிராண்ட் அனிகட் என்றுதான் ஆங்கிலத்தில் பெயர்.

எனக்கு மிகப் பிடித்தது வெட்டிவேர். வெட்டிவர் என்று ஏழெழுத்து: வி, இ, டீ, ஐ, வி, இ, ஆர். மேலே ஏழாவது கட்டை சொன்னாரே, ஒட்டவே ஒட்டாத வி என்று, பெட்டியில் அது மொத்தமே இரண்டுதான், இரண்டையும் விழுங்கிக்கொண்டு 50 புள்ளியும் வாங்கித் தரும் வார்த்தை நம் வெட்டிவேர்.

இன்னொன்றையும் இங்கே பதிவு செய்கிறேன். பறையர் என்ற பெயரிலிருந்து, ஒதுக்கப்பட்டவர் என்ற பொருளில் ஆங்கிலம் எடுத்துக்கொண்ட ஒரு ஆறெழுத்து வார்த்தை இருக்கிறது. பறை அடிக்கும் ஒரு சமூகத்தின் பெயரை உலகம் முழுக்க வசையாக மாற்றிவிட்டார்கள். எத்தனை புள்ளி வந்தாலும் அதை நான் வைப்பதில்லை, ஆட்டம் தோற்றாலும் பரவாயில்லை. 2020ல் வட அமெரிக்க ஸ்கிராபிள் சங்கத்தின் பட்டியலிலிருந்தும் அடுத்த வருடம் காலின்ஸ் பட்டியலிலிருந்தும் இனத்தை இழிவுபடுத்தும் பல வார்த்தைகளை நீக்கினார்கள். அப்போது வெறும் எழுத்துதானே, பொருள் எதற்கு என்று எதிர்த்தவர்கள் நிறைய. டீச்சர் பக்கம் நான் நிற்பது இந்த ஒரு இடத்தில். கட்டைக்குப் பொருள் தெரியாவிட்டாலும் எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும்.

ஏழாவது_கட்டை:

அண்ணா, நீங்கள் சொன்னது சரி. நான் எழுதிய அந்த ஒரு வரியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

மாட்டுத்தாவணி:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், சொல்ல ஒரு செய்தி இருக்கிறது.

127ல் இப்போது நூறு தாண்டிவிட்டேன். டீச்சர் சொன்ன மாதிரி தினமும் மூன்றுக்குப் பொருளும் பார்க்கிறேன், மகள்தான் வாசித்துச் சொல்கிறாள். ஜே-ஓ என்றால் ஸ்காட்லாந்தில் அன்புக்குரியவரைக் கூப்பிடுவதாம், இசட்-ஓ என்றால் இமயமலைப் பக்கம் எருமை மாதிரி இருக்கும் யாக்குக்கும் பசுவுக்கும் பிறந்த மாடாம். மாட்டைப் பற்றித் தெரிந்ததும் அந்த வார்த்தை மறக்கவே இல்லை, மற்றது எல்லாம் இரண்டு மூன்று தடவை மறந்து மறந்துதான் நின்றது.

நேற்று ராத்திரி நடந்தது இது. கையில் வி, இ, டீ, ஐ, இ, ஆர், ஒரு வெற்றுக் கட்டை. ரொம்ப நேரம் வி-யைத் தள்ளிவிட்டு மற்றதை வைத்தே ஏதாவது செய்யப் பார்த்தேன், மகள் கொட்டாவி விட்டாள். திடீரென்று கல்லணை ஐயாவின் நோட்டு நினைவுக்கு வந்தது. வெற்றுக் கட்டையை இன்னொரு வி என்று வைத்துக்கொண்டால் வந்துவிடுகிறது! ஆனால் எங்கே ஒட்டுவது? மகள் ஆரம்பத்தில் வைத்த பாத் வலது பக்கம் காலியாகக் கிடந்தது. அதன் வாலில் இ மாட்டினால் பேத். என் வார்த்தையின் இரண்டாவது எழுத்தே இ. மேலிருந்து கீழாக ஏழு கட்டையையும் ஒவ்வொன்றாக இறக்கினேன், கை கொஞ்சம் நடுங்கியது. வார்த்தைக்கு 9, கொக்கிக்கு 10, கூடுதல் 50. புள்ளியைப் பெருக்கும் வண்ணச் சதுரங்களைச் சேர்க்காமலே 69.

இப்படி ஒரு வார்த்தையே கிடையாது என்றாள் மகள். அகராதியைக் கொண்டுவா என்றேன். அவளே புரட்டிப் பார்த்து, இருக்கிறதுப்பா, ஏதோ வாசனைப் புல்லின் வேர் என்று போட்டிருக்கிறது, இது என்ன என்று கேட்டாள். எழுந்து போய் சமையலறைத் தண்ணீர்ப் பானைக்குள் கைவிட்டு, வெள்ளைத் துணியில் கட்டிப் போட்டிருந்த வேர் முடிச்சை எடுத்து ஈரம் சொட்டச் சொட்ட அவள் கையில் வைத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு, தினமும் குடிக்கிறோமே இதுவா என்றாள்.

ஆட்டம் கடைசியில் அவள்தான் ஜெயித்தாள், 11 புள்ளி வித்தியாசம். எஸ் இரண்டைப் பத்திரமாக வைத்திருந்து முடிவில் இறக்கிவிட்டாள். கல்லணை ஐயா, அந்த நோட்டில் இருப்பது முழுவதையும் இங்கே எழுத முடியுமா? அவளே தட்டச்சு செய்துகொள்கிறேன் என்கிறாள்.

கல்லணை_காற்று:

நாளை ஞாயிறு, உட்கார்ந்து எழுதிப் போடுகிறேன். ஏழெழுத்தில் இருப்பதை முதலில் தருகிறேன்.